தூளுக்கு ஏற்ற ஜம்போ பை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

தூள் பொருள்களைக் கையாளும் தொழிற்சாலைகளிலிருந்து அண்மையில் வந்த கடிதங்களில் பல, ஜம்போ பைகளைப் பற்றியவையாகவே இருந்தன. பாலிப்புரொப்பிலீன் நாடாக்களால் நெய்து, நான்கு மூலைகளிலும் தூக்குப்பட்டைகள் தைத்து, அரை டன் முதல் இரண்டு டன் வரை சுமக்குமாறு செய்யப்படும் பெரிய பைகளைத்தான் இப்பெயரால் குறிப்பிடுகிறேன். ஒத்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்து, ஏழு கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: நாங்கள் கால்சியம் கார்பனேட் தூளை ஜம்போ பைகளில் நிரப்பி அனுப்புகிறோம். தரவுத்தாளில் பரும அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு 1,150 கிலோ என்று இருந்தது. அதை வைத்து, 90 செ.மீ. நீளமும் 90 செ.மீ. அகலமும் 110 செ.மீ. உயரமும் கொண்ட பை ஆயிரம் கிலோவைக் கொள்ளும் என்று கணக்கிட்டு வாங்கினோம். ஆனால் 750 கிலோவிலேயே பை வாய்வரை நிறைந்துவிடுகிறது. மறுநாள் பார்த்தால் தூள் ஒரு சாண் இறங்கியிருக்கிறது. பை தயாரிப்பாளரோ தம் அளவில் பிழையே இல்லை என்கிறார். தவறு எங்கே நேர்ந்தது?

பதில்: தயாரிப்பாளர் சொல்வது சரி. நீங்கள் பெருக்கிய கணக்கும் சரி. பெருக்கலுக்குள் போட்ட எண்தான் இந்த வேலைக்கு உரியதன்று. தரவுத்தாளில் அச்சாகும் அடர்த்தி பெரும்பாலும் ஆய்வகத்தில் ஓர் அளவு உருளையில் தூளைப் போட்டு, நூற்றுக்கணக்கான முறை தட்டி, இனி இறங்காது என்ற நிலையில் எடுக்கப்பட்டதாக இருக்கும். உங்கள் நிரப்பு இயந்திரத்தின் வாயிலிருந்து விழும் தூளை யாரும் அப்படித் தட்டுவதில்லை. அது விழும்போதே காற்றை வாரிக்கொண்டு, பாதி திரவம் போலப் பைக்குள் பரவுகிறது. பை நிறைந்துவிட்டது என்று நீங்கள் இயந்திரத்தை நிறுத்தும் நேரத்தில், உள்ளே கணிசமான இடத்தைக் காற்று பிடித்துக்கொண்டிருக்கிறது. இரவில் அந்தக் காற்று துணியின் இழைகள் வழியே வெளியேறிவிட, காலையில் ஒரு சாண் குறைந்து நிற்கிறது.

ஆகவே உங்களுக்கு வேண்டியவை இரண்டு எண்கள். ஒன்று நிரப்பும் நேரத்து அடர்த்தி. மற்றொன்று இறுகிய பிறகான அடர்த்தி. இவற்றைக் கண்டறிய ஆய்வகம் தேவையில்லை. பக்கங்கள் செங்குத்தாக உள்ள 20 லிட்டர் டப்பா ஒன்றை எடுத்து, கரண்டியால் அள்ளிப் போடாமல், உங்கள் நிரப்பு வாயிலிருந்தே தூளை நேராக விழவிடுங்கள். தட்டாமல், அழுத்தாமல், ஒரு மட்டப் பலகையால் மேற்புறத்தை வழித்து எடை போடுங்கள். 15 கிலோ வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் அடர்த்தி கன மீட்டருக்கு 750 கிலோ. பிறகு அதே டப்பாவைத் தரையிலிருந்து இரண்டு விரற்கடை உயர்த்தி, நூறு முறை தட்டென்று இறக்குங்கள். தூளின் மட்டம் ஐந்தில் ஒரு பங்கு இறங்கினால், 15 கிலோ இப்போது 16 லிட்டரில் அடங்கியிருக்கிறது; இறுகிய அடர்த்தி ஏறத்தாழ 940 கிலோ. இரண்டாவது எண்ணை முதல் எண்ணால் வகுத்தால் 1.25 கிடைக்கிறது. இந்த விகிதம் 1.25ஐத் தாண்டும் தூள்கள் நிரப்பும்போதும் இறக்கும்போதும் தொல்லை தருபவை என்பது தூள் கையாள்பவர்களின் பொதுவான அனுபவம், 1.4ஐத் தாண்டினால் அந்தத் தூள் தானாக வழியும் என்று நம்பி எதையும் வடிவமைக்கக் கூடாது.

அடுத்தது பையின் வடிவம். நான்கு பக்கம் தைத்த சாதாரணப் பை நிரம்பியதும் சதுரமாக நிற்பதில்லை. உள்ளிருந்து தூள் தள்ளுவதால் பக்கங்கள் பிதுங்கி, பை ஏறத்தாழ வட்டமாகிவிடுகிறது. துணியின் சுற்றளவு மட்டும் மாறாது. உங்கள் பைக்குச் சுற்றளவு 360 செ.மீ.; அதை 3.14 ஆல் வகுத்தால் விட்டம் 115 செ.மீ. வருகிறது. அந்த வட்டத்தின் பரப்பு 1.03 சதுர மீட்டர். சதுரமாகக் கணக்கிட்டிருந்தால் கிடைப்பது 0.81 மட்டுமே. இந்த வித்தியாசம் நமக்குச் சாதகமானது என்றாலும், அதை முழுவதும் நம்பிவிடக் கூடாது. அடித்தட்டின் அருகே துணி சதுரமாகவே இருக்கிறது. மேலே தூள் கூம்பாகக் குவிகிறது. இவ்விரண்டுக்கும் சேர்த்து உயரத்தில் 15 செ.மீ. கூட்டிக்கொள்வது என் வழக்கம்.

இப்போது கணக்கு எளிது. ஆயிரம் கிலோவை 750 ஆல் வகுத்தால் 1.33 கன மீட்டர். அதை 1.03 ஆல் வகுத்தால் 1.29 மீட்டர். 15 செ.மீ. கூட்டினால் 144 வரும், 145 செ.மீ. உயரப் பை வேண்டும். அதே தூள் இறுகிய பிறகு ஏறத்தாழ 104 செ.மீ. உயரத்தில் நிற்கும். அதாவது நிரப்பியபோது இருந்ததைவிட 25 செ.மீ. இறங்கி, மேலே அத்தனை துணி தொளதொளவென்று மடிந்து கிடக்கும். நிரம்பிய பையின் உயரம் அடித்தட்டின் குறுகிய பக்கத்தைப் போல் அரை மடங்குக்குக் குறையாமலும் இரண்டு மடங்குக்கு மேற்படாமலும் இருக்க வேண்டும் என்பது இத்துறையின் நடைமுறை. அந்த வரம்புக்குள் நீங்கள் இருக்கிறீர்கள். ஆனால் தொளதொளத்த பை ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கினால், அதன்மேல் இன்னொன்றை அடுக்க முடியாது.

எனவே பெரிய பைக்கு ஆணை கொடுப்பதற்கு முன்னால் காற்றை வெளியேற்றிப் பாருங்கள். பையின் அடியில் அதிர்வு மேடை வைத்து, முக்கால் பங்கு நிரம்பியதும் சில விநாடிகள் அதிரவிட்டு, மீதியை மெதுவாக நிரப்பினால், நிரப்பும் நேரத்து அடர்த்தி 870 வரை உயரலாம். அவ்வாறு உயர்ந்தால் 130 செ.மீ. உயரப் பையே போதும். இங்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. அதிர்வை அளவின்றிக் கொடுத்தால் சில தூள்கள் கல் போல இறுகி, வாங்கியவரின் இடத்தில் இறங்க மறுக்கும். ஆகவே மாதிரிக்கு ஐந்தாறு பைகளை மட்டும் வாங்கி, நிரப்பிய உடனேயும் ஒரு மணி நேரம் கழித்தும் மறுநாளும் உயரத்தையும் சுற்றளவையும் அளந்து குறித்த பிறகே மொத்த ஆணையைக் கொடுங்கள். சுவரில் சாய்த்த ஒரு நீண்ட மட்டப் பலகையும் அளவு நாடாவும் இதற்குப் போதும்.

கேள்வி: கப்பல் கன்டெய்னரின் உள் அகலம் 235 செ.மீ. என்பதால், இரண்டு பைகள் அருகருகே நிற்கும்படி 115 செ.மீ. சதுரப் பைகளை வாங்கினோம். ஒன்றைத்தான் ஏற்ற முடிகிறது. இரண்டாவது பை பக்கத்தில் நுழையவே இல்லை.

பதில்: மேலே சொன்ன வட்டக் கணக்கு இங்கே உங்களுக்கு எதிராக வேலை செய்திருக்கிறது. 115 செ.மீ. பையின் சுற்றளவு 460 செ.மீ.; நிரம்பினால் விட்டம் 146 செ.மீ. இரண்டு பைகளுக்கு 292 செ.மீ. வேண்டும். சாதாரணப் பைகளையே பயன்படுத்துவதானால் அடித்தட்டு 90 செ.மீ. இருக்க வேண்டும். அப்போது விட்டம் 115 ஆகி, இரண்டுக்கும் சேர்த்து 230 செ.மீ. போக, ஐந்து செ.மீ. இடைவெளி மிஞ்சும். பலகைத் தட்டின் மேல் நிற்கும் பைகளுக்கும் இதே கணக்குத்தான். பை தட்டின் விளிம்பைத் தாண்டிப் பிதுங்கினால், பக்கத்துத் தட்டின் மூலையோ ஆணித் தலையோ துணியைக் கிழித்துவிடும்.

வட்டங்களை அடுக்கும்போது மூலைகள் வீணாகின்றன. ஒரு சதுரத்துக்குள் அடங்கும் வட்டம் அதன் பரப்பில் 78.5 சதவீதத்தை மட்டுமே நிரப்பும். இந்த இழப்பைத் தவிர்க்கவே, உள்ளே மூலைக்கு மூலை துளையிட்ட தடுப்புத் துணிகளைத் தைத்த பைகள் வந்தன. பேஃபில் பை என்று கேட்டால் தருவார்கள். தடுப்புகள் பக்கங்களைப் பிதுங்கவிடாமல் இழுத்துப் பிடிப்பதால் பை பெட்டி போல நிற்கிறது. 110 செ.மீ. பேஃபில் பைகள் சிறிது பிதுங்கினாலும் இரண்டு அருகருகே அடங்கிவிடும்.

ஆனால் உங்கள் தூள் எத்தகையது என்று நீங்கள் எழுதவில்லை. அரிசி போல் வழுக்கி ஓடும் குருணைகளுக்குப் பேஃபில் பை மிகப் பொருத்தம். கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கும் பசைத்தன்மை கொண்ட நுண்தூள் என்றால், தடுப்பின் துளைகள் வழியே மூலைகளுக்குள் சரியாகப் புகாது. புகுந்தது வெளியேயும் வராது. ஒவ்வொரு பையிலும் மூலைக்குக் கொஞ்சம் என்று தங்கிவிடும் தூள், கன்டெய்னரில் மிச்சப்படுத்திய இடத்தின் ஆதாயத்தைத் தின்றுவிடும். உயரத்தை முடிவு செய்யும்போது, ஃபோர்க்லிஃப்டின் முட்கள் தூக்குப்பட்டைகளுக்குள் நுழைந்து பையைத் தரையிலிருந்து எழுப்புவதற்கு மேலே இடம் வேண்டும் என்பதையும் மறந்துவிடாதீர்கள். பை மட்டும் கூரைக்குக் கீழே அடங்கினால் போதாது.

கேள்வி: எங்கள் பைகளில் பாதுகாப்பான வேலைச் சுமை 1,000 கிலோ, பாதுகாப்புக் காரணி 5:1 என்று அச்சிட்டிருக்கிறது. அப்படியென்றால் 5,000 கிலோ வரை தாங்கும் அல்லவா? 1,250 கிலோ நிரப்பினால் என்ன தவறு?

பதில்: நிரப்பக் கூடாது. புதிய பை, ஆய்வகத்தில், நிதானமாக இழுக்கப்படும்போது ஐந்து மடங்கு சுமையைத் தாங்கியது என்பதுதான் அந்த எண்ணின் பொருள். ஃபோர்க்லிஃப்ட் குலுங்கும்போது பட்டையில் விழும் அதிர்ச்சி, முட்களின் கூர்விளிம்பு உரசுவது, வெயில், நான்கு பட்டைகளில் ஒன்று மட்டும் இறுகி மற்றவை தளர்ந்து நிற்பது ஆகிய அனைத்தும் அந்த இடைவெளியிலிருந்துதான் கழிகின்றன. ஐ.எஸ்.ஓ. 21898 தரத்தின்படி 5:1 பை ஒரே ஒரு முறை நிரப்பிப் பயன்படுத்துவதற்கானது. அதை வேலைச் சுமையைப் போல் இரண்டு மடங்கு சுமையில் 30 முறை ஏற்றி இறக்கி, பிறகு ஐந்து மடங்குக்கு இழுத்துச் சோதிக்கிறார்கள். மீண்டும் மீண்டும் பயன்படுத்தும் 6:1 பைக்குச் சோதனை நான்கு மடங்கு சுமையில் 70 முறை. எனவே உங்கள் வளாகத்துக்குள்ளேயே சுற்றிவரும் பை என்றாலும் இரண்டாம் முறை நிரப்புவதாக இருந்தால் 6:1 என்று கேட்டு வாங்குங்கள். பட்டையிலோ துணியிலோ கிழிசல் கண்டால் தைத்துப் பயன்படுத்தாமல் ஒதுக்கிவிடுங்கள்.

கேள்வி: நிரப்பிய பைகளைத் திறந்த முற்றத்தில் இரண்டு மூன்று மாதம் வைக்கலாமா?

பதில்: மூடி வைத்தால் ஒழிய வேண்டாம். பாலிப்புரொப்பிலீன் நாடா புற ஊதாக் கதிரில் நொறுங்கும் தன்மையுடையது. அதைத் தாமதப்படுத்தவே நிலைப்படுத்திகள் சேர்க்கப்படுகின்றன. 200 மணி நேரம் புற ஊதா விளக்கின் கீழ் வைத்த பிறகு பாதி வலிமையாவது மிஞ்ச வேண்டும் என்பதே தரச் சோதனை எதிர்பார்ப்பது. மீதிப் பாதியை இழக்கலாம் என்பதுதான் அதன் மறுபக்கம். முதலில் பழுதாவது பெரும்பாலும் வெயிலை நேராகப் பார்த்திருக்கும் தூக்குப்பட்டையின் மேல்வளைவுதான். அதை இரண்டு விரலால் கசக்கிப் பாருங்கள். நாரிலிருந்து பொடி உதிர்ந்தால் அந்தப் பையைப் பட்டையில் தூக்காதீர்கள். அடியில் பலகைத் தட்டு இருந்தால் தட்டோடு எடுத்துக் காலி செய்யுங்கள்.

கேள்வி: நாங்கள் கையாளும் நிறமித் தூள் தையல் வழியே கசிந்து, பையின் வெளிப்புறம் முழுவதும் சாயம் பூசியது போல் ஆகிறது. பைக்குள் லைனர், அதாவது பாலித்தீன் உள்ளுறை, போட்டோம். கசிவு நின்றது. ஆனால் இறக்கும்போது லைனர் தூளோடு சேர்ந்து இறங்கி, இறக்கைகள் சுழன்று தூளை இறக்கும் சுழல் வால்வில் சிக்கிக்கொள்கிறது. எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது?

பதில்: துணி கசிவது வேறு, தையல் கசிவது வேறு. துணியின் இழைகளுக்கு இடையே கசிந்தால், உட்புறம் மெல்லிய பாலிப்புரொப்பிலீன் படலம் பூசிய துணி அதைத் தடுக்கும். நீங்கள் சொல்வதோ ஊசித் துளைகள் வழியே வரும் கசிவு. துணிக்கு எத்தனை பூச்சு பூசினாலும் தையல் ஊசி அதைத் துளைத்துக்கொண்டுதான் போகும். தையலுக்குள் பஞ்சு போன்ற நிரப்பு நூலைச் சேர்த்துத் தைத்தால் அந்தத் துளைகள் அடைபடும். ஆணையில் அதைத் தனியாக எழுத வேண்டும், எழுதாவிட்டால் வராது. பல தூள்களுக்குப் பூச்சுத் துணியும் நிரப்பு நூல் தையலுமே போதும், லைனரே தேவைப்படாது. நிறமி போன்ற மிக நுண்ணிய தூளுக்கும், ஈரத்தை இழுக்கும் தூளுக்கும் மட்டும் லைனரைப் பரிந்துரைப்பேன்.

லைனர் போடுவதானால் அது பையோடு பிணைந்திருக்க வேண்டும். பையின் உள்ளே சும்மா தொங்கும் உறையைப் போட்டால் நீங்கள் எழுதியதுதான் நடக்கும். நான் முன்பு வேலை பார்த்த ஆலையில் ஒரு முறை இறக்கும் வேகம் படிப்படியாகக் குறைந்துகொண்டே வந்தது. தூள் வாயின்மேல் வளைவாக இறுகி அடைத்துக்கொண்டது என்று நினைத்து, சுத்தியலால் தொட்டியின் பக்கத்தைத் தட்டிக்கொண்டிருந்தோம். கடைசியில் வால்வைக் கழற்றிப் பார்த்தபோது, ஒரு மீட்டர் நீள பாலித்தீன், துணி பிழிவது போல் முறுக்கிக்கொண்டு இறக்கையில் இறுகியிருந்தது. அதன் கிழிந்த துண்டுகள் எத்தனை கீழே போயின என்று தெரியாமல், அடுத்த கட்டத்தில் இருந்த தூள் முழுவதையும் சலிக்க வேண்டியதாயிற்று. அதன் பிறகு மூலைகளில் சிறு பட்டி வைத்துப் பையின் தையலோடு சேர்த்துத் தைத்த லைனரையே வாங்கினோம். ஒட்டுப் பசையால் பக்கங்களில் ஒட்டியதும் கிடைக்கிறது. பையின் வடிவத்துக்கே வெட்டி, மேல்வாய்க்கும் அடிவாய்க்கும் தனித்தனிக் குழலோடு செய்த லைனர் எல்லாவற்றிலும் மேலானது. மடிப்புகளில் தூள் தங்குவதும் அதில் குறைவு.

நிரப்புவதற்கு முன்னால் சிறிய ஊதியால் லைனரை ஊதிப் பையோடு படியவிடுங்கள். இல்லையென்றால் ஒரு மடிப்பு தூளின் எடையில் சிக்கி, இழுபட்டுக் கிழியும். இன்னொன்றையும் கவனியுங்கள். முதல் பதிலில் சொன்ன காற்று, துணி வழியே தப்பிப் போகிறது. லைனரோ பூச்சோ இருந்தால் அந்த வழி அடைபட்டுவிடும். எனவே நிரப்பு வாயைச் சுற்றித் தூசு உறிஞ்சும் வளையக் குழல் இல்லாமல் லைனர் பையில் நுண்தூளை வேகமாக நிரப்ப முயலாதீர்கள். பை பலூன் போல் உப்பிக்கொண்டு, எடை ஏறாமலேயே நிறைந்தது போல் நிற்கும். உங்கள் நிறமி அபாயகரமான பொருள் என்று வகைப்படுத்தப்பட்டு, ஐக்கிய நாடுகள் அவையின் குறியீடு பெற்ற பையில் செல்வதாக இருந்தால், லைனரை நீங்களாகச் சேர்க்கவும் கூடாது. பூச்சும் லைனரும் இல்லாத நெய்த பை 13எச்1, பூச்சு மட்டும் உள்ளது 13எச்2, லைனர் மட்டும் உள்ளது 13எச்3, இரண்டும் உள்ளது 13எச்4 என்று குறியீடே வேறுபடுகிறது. சோதித்துச் சான்று பெற்ற வடிவத்திலேயே அதைப் பயன்படுத்த வேண்டும்.

கேள்வி: கரைப்பான் இருக்கும் கலனுக்குள் ஒரு கரிமத் தூளை ஜம்போ பையிலிருந்து நேராகக் கொட்டுகிறோம். நிலைமின்சார அபாயம் பற்றிக் கேட்டபோது பி வகைப் பை போதும் என்று விற்பனையாளர் சொன்னார். சி வகை வாங்கினால் ஒவ்வொரு முறையும் எர்த் கிளிப் மாட்ட வேண்டுமே என்று எங்கள் ஆட்கள் தயங்குகிறார்கள். எதை வாங்குவது?

பதில்: பி வகை உங்களுக்கு ஆகாது. இந்த ஒன்றில் மட்டும் சிக்கனமும் வசதியும் முடிவு செய்யக் கூடாது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

தூள் பையிலிருந்து வழியும்போது துகள்கள் துணியோடும் ஒன்றோடொன்றும் உரசி, மின்னூட்டம் பெறுகின்றன. பாலிப்புரொப்பிலீன் மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே மின்னூட்டம் போக இடமின்றி அங்கேயே தேங்குகிறது. ஐ.ஈ.சி. 61340-4-4 தரம் பைகளை இதை வைத்து நான்கு வகையாகப் பிரிக்கிறது. ஏ வகையில் எந்த ஏற்பாடும் இல்லை. தீப்பிடிக்காத தூளுக்கு, தீப்பிடிக்கும் ஆவி இல்லாத இடத்தில் மட்டும் அது பொருந்தும். பி வகையின் துணி 6 கிலோவோல்ட்டுக்கு மேல் மின்னழுத்தம் சேரவிடாமல் தன்னூடே மின்சாரத்தைப் பாயவிட்டுவிடும். அதனால் துணியின் பரப்பு முழுவதும் ஒரே நேரத்தில் பாயும் மிக ஆற்றல் வாய்ந்த மின்னிறக்கம் தடுக்கப்படுகிறது. சிறிய, தூரிகை போன்ற மின்னிறக்கங்கள் தடுக்கப்படுவதில்லை. தூசு மட்டும் இருந்து, அதைப் பற்றவைக்கக் குறைந்தபட்சம் 3 மில்லிஜூலுக்கு மேல் ஆற்றல் வேண்டியிருந்தால் அந்தச் சிறிய மின்னிறக்கங்கள் பொருட்டல்ல. கரைப்பான் ஆவியின் நிலை வேறு. வழக்கமான ஹைட்ரோகார்பன் ஆவிகளைப் பற்றவைக்க ஏறத்தாழ கால் மில்லிஜூல் போதும். பி வகை தடுக்காமல் விட்ட அந்தச் சிறிய பொறியே உங்கள் கலனின் வாயில் நெருப்பு மூட்டப் போதுமானது.

சி வகையில் கடத்தும் நூல்கள் துணி முழுவதும் குறுக்கும் நெடுக்குமாக ஓடி ஒன்றோடொன்று இணைகின்றன. பையின் எந்த இடத்திலிருந்தும் எர்த் முனைக்கு உள்ள மின்தடை, தரம் வகுத்த வரம்புக்குக் குறைவாக இருக்க வேண்டும். எர்த் கிளிப் மாட்டியிருக்கும்வரை பை பாதுகாப்பானது. மாட்ட மறந்தாலோ, அந்தக் கடத்தும் வலை முழுவதும் மின்னூட்டத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டு ஒரே பொறியாக வெளிவிடும். அந்த நிலையில் அது ஏ வகைப் பையைவிட மோசமானது. நான் ஒரு தளத்தில் பார்த்த காட்சியைச் சொல்கிறேன். கிளிப் ஒழுங்காக மாட்டியிருந்தது. ஆனால் அதன் மறுமுனையைக் கடித்திருந்த குழாய் மூன்று அடுக்கு வண்ணம் பூசியது. கிளிப்பின் பற்கள் வண்ணத்தைத் துளைக்கவே இல்லை. சோதனைக் கருவியை வைத்துப் பார்த்தபோது முள் அசையவில்லை. கிளிப் மாட்டியதை உறுதி செய்த பிறகே இறக்கு வால்வு திறக்கும்படி பூட்டிணைப்பு வைத்தால், ஆட்களின் நினைவாற்றலை நம்ப வேண்டியிருக்காது. சி வகை வாங்குபவர்கள் அதையும் சேர்த்தே வாங்க வேண்டும் என்பது என் கருத்து.

டி வகைக்கு எர்த் கிளிப் தேவையில்லை. அதன் நூல்கள் மின்னூட்டத்தை மிகக் குறைந்த ஆற்றலில், கரோனா மின்னிறக்கமாகக் காற்றில் சிறுகச் சிறுக வெளியிடுகின்றன. உங்கள் ஆட்களுக்கு இது பிடிக்கும். ஆனால் அந்த மின்னூட்டம் அருகில் உள்ள உலோகத்தின்மேல் போய்ச் சேரலாம் என்பதால், பையைச் சுற்றியுள்ள ஏணி, வாளி, கருவி, வேலை செய்பவர் என அனைத்தும் எர்த் செய்யப்பட்டிருக்க வேண்டும். கிளிப்பைப் பையிலிருந்து எடுத்துவிட்டு, காலணிகளுக்கும் தரைக்கும் கவனத்தை மாற்றுகிறோம், அவ்வளவே. பையின்மேல் எண்ணெய்ப் பிசுக்கோ ஈரமோ படிந்தாலும் அதன் பண்பு கெடும். சி, டி இரண்டும் 0.14 மில்லிஜூல் அல்லது அதற்கு மேல் பற்றவைப்பு ஆற்றல் தேவைப்படும் சூழல்களுக்கே உரியவை.

லைனர் போட்டிருந்தால் இந்த முழு ஏற்பாடும் மீண்டும் கேள்விக்கு உள்ளாகும். கடத்தும் பைக்குள் சாதாரண பாலித்தீன் உறையைப் போட்டால், தூள் உரசுவது உறையோடுதான். பையின் நூல்களுக்கு எதுவும் போய்ச் சேராது. லைனருக்கும் அதே தரத்தில் எல்1, எல்2, எல்3 என்று தனி வகைப்பாடு உண்டு. எந்தப் பையோடு எந்த லைனர் சேரலாம் என்பதும் அதில் வரையறுக்கப்பட்டிருப்பதால், பையையும் லைனரையும் ஒரே இடத்தில், ஒரே சான்றிதழின் கீழ் வாங்குங்கள்.

இத்தனையும் சொன்ன பிறகு, கரைப்பான் ஆவி மேலே எழும் திறந்த கலனுக்குள் பையிலிருந்து நேராகக் கொட்டுவதையே நான் ஏற்கமாட்டேன். பை சரியானதாக இருந்தாலும், வழியும் தூளே மின்னூட்டத்தைச் சுமந்துகொண்டு கலனுக்குள் போகிறது. கலனில் நைட்ரஜனை நிரப்பி, இடையே ஓர் இடைத்தொட்டியும் வால்வும் வைத்து, ஆவி பைவரை வராமல் தடுத்த பிறகு சி வகையா டி வகையா என்பதைப் பேசலாம்.

கேள்வி: அடிவாயின் விட்டம் 35 செ.மீ. தூள் முதலில் இறங்குகிறது, பிறகு நின்றுவிடுகிறது. எங்கள் ஆட்கள் தொங்கும் பையின் கீழே போய்க் கைகளால் குத்தி இறக்குகிறார்கள். பெரிய வாய் உள்ள பை வாங்கினால் தீருமா?

பதில்: முதலில் ஆட்களை அங்கிருந்து வெளியே வரச் சொல்லுங்கள். தொங்கும் பையின் கீழே தலையோ கையோ போகவே கூடாது. பட்டை அறுந்தால் ஒரு டன் எடை எச்சரிக்கை செய்யாமல் விழும். கட்டாயம் கை வைக்க வேண்டிய வேலை என்றால், பையின் அடித்தட்டு தாங்கியின் மேல் அமர்ந்திருக்க வேண்டும்.

வாயைப் பெரிதாக்குவது ஓரளவுக்கு உதவும். 45 செ.மீ. வரை போகலாம், அதற்கேற்ப உங்கள் இறக்கு நிலையத்தின் வளையமும் பெரிதாக வேண்டும். அது 35 செ.மீ. வாய்க்கு என்று செய்யப்பட்டிருந்தால் புதிய பையின் வாயைச் சுருக்கி மடித்துத்தான் கட்ட முடியும், பயன் போய்விடும். தட்டையான அடித்தட்டின் நடுவில் உள்ள வாய் வழியே நடுப்பகுதித் தூள் மட்டும் குழாய் போல் இறங்கிவிட்டு, சுற்றியுள்ளது சுவராக நிற்பதுதான் பசைத்தன்மை கொண்ட தூள்களின் இயல்பு. இதற்குக் கூம்பு வடிவ அடியுள்ள பை கைகொடுக்கும். இறக்கு நிலையத்தில் பையின் அடிமூலைகளை மாறிமாறித் தூக்கும் தட்டுகள் வைத்தாலும் அந்தச் சுவர் சரியும். தூள் குறைந்துகொண்டு வரும்போது பட்டைகளை மேலே இழுத்துத் துணியை விறைப்பாக வைக்கும் சுருள்வில் தாங்கிகளும் உண்டு. கடைசி இருபது முப்பது கிலோவுக்கு அவை மிகவும் பயன்படும்.

பை நிரப்பிய அன்றே நன்றாக இறங்கி, இரண்டு வாரம் அடுக்கி வைத்த பிறகு மட்டும் இறங்காமல் நின்றால், வாயின் அளவு காரணமன்று. மேலே அடுக்கிய பையின் எடையில் தூள் இறுகியிருக்கிறது அல்லது ஈரம் இழுத்துக் கட்டிபட்டிருக்கிறது. ஒரு பையைத் தனியாக, அதன்மேல் எதையும் அடுக்காமல் இரண்டு வாரம் வைத்து இறக்கிப் பாருங்கள். அது இறங்கிவிட்டால் அடுக்குவதை நிறுத்துங்கள். அதுவும் இறங்கவில்லை என்றால் லைனரையும் தூள் நிரப்பப்படும்போதுள்ள வெப்பநிலையையும் பாருங்கள். உலர்த்தியிலிருந்து சூடாகவே பைக்குள் போகும் தூள், பை ஆறும்போது உள்ளிருக்கும் ஈரத்தை லைனரின் உட்பக்கத்தில் வியர்வையாகப் படியவிட்டு, முதலில் அந்த ஓரங்களிலேயே கட்டிபடும்.